ஒரு கட்டடத்தின் இரு பாதிகள்

தொழிற்சாலை என்றவுடன் வானளாவிய புகைபோக்கியும், கரிக்குவியலும், ஓயாது இரையும் பொறிகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. தோல் பதனிடும் சாலையினின்று வெளிப்படும் கழிவுநீர் ஆற்றிற் கலப்பதை வழிப்போக்கனும் காண்பான். சுண்ணாம்புச் சூளையின் புகையோ ஊர் எல்லைக்கு அப்பாலும் தெரியும். ஆனால், இக்காலத்தே பெருகியுள்ள தகவல் தொழில்நுட்பச் சேவை என்னும் தொழிலுக்கு இத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. பிறநாட்டு வங்கியின் கணக்கையும், மருத்துவமனையின் ஏடுகளையும், வானூர்திப் பயணச் சீட்டையும் கணினியின் துணையாற் பேணித் தருதலே அத்தொழில். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் சென்னையின் பழைய மாமல்லபுரச் சாலையிலும் அந்நிறுவனங்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்து புல்வெளியும் பூஞ்செடியும் விளங்குகின்றன. புகையும் இல்லை, கரியும் இல்லை. ஆதலின், இது மாசற்ற தொழில் என்று பலரும் நெடுநாள் எண்ணியிருந்தனர்.

புகை இல்லாமற் போகவில்லை. அது வேறிடத்தில் எழுகின்றது. இந்தியாவில் உண்டாகும் மின்விசையிற் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகின்றது. மாளிகையில் ஒரு கணினி இயங்கும்பொழுது, பல கல் தொலைவிலுள்ள அனல்மின் நிலையத்தில் அதற்கென ஒரு பங்கு கரி எரிகின்றது. எரிப்பவரைக் கணினியின் முன் அமர்ந்தவர் அறியார். மின்விசை தடைப்படுங்கால் டீசல் பொறி இயங்கும். பணியாளரை ஏற்றிவரப் பேருந்துகள் ஓடும். அயல்நாட்டு வாணிகத்தின் பொருட்டு வானூர்திப் பயணமும் வேண்டும். செய்திகளைச் சேமித்து வைக்கும் தொலைதூரக் கணினிக் கூட்டத்திற்கு 'மேகம்' என்று பெயரிட்டனர். பெயர் அழகியதே, எனினும், பொருத்தமுடையதன்று. மேகம் நீரைத் தருவது. இந்த மேகமோ, பின்னர்க் காணப்போவதுபோல, நீரை உண்பது.

இனி, அம்மாளிகைகளில் மின்விசை எதற்குச் செலவாகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். கணினிகளுக்கு என்று விரைந்து விடை கூறத் தோன்றும். அது பாதி உண்மையே. அமர்ந்து வேலை செய்யும் ஒரு மனிதனுடைய உடல், ஏறத்தாழ நூறு வாட் விளக்கொன்று வெளியிடும் அளவு வெப்பத்தை இடைவிடாது வெளியிடுகின்றது. ஓர் அறையில் ஐம்பதின்மர் இருப்பின், ஐம்பது விளக்குகள் எரிவதற்கு அஃது ஒப்பாகும். கணினிகள் உண்ணும் மின்விசை முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. விளக்குகளும் வெப்பம் தருவன. இவையனைத்தினும் மேலாகக் கதிரவன் வெயில் சன்னல் வழியே உட்புகுகின்றது. இவ்வெப்பத்தையெல்லாம் வெளியேற்றுவதற்காகவே குளிர்சாதனங்கள் பகல் முழுதும் இயங்குகின்றன. அலுவலக மின்செலவிற் பெரும்பங்கு அவற்றையே சாரும்.

கண்ணாடியாற் சுவரெழுப்பும் வழக்கம் குளிர்நாடுகளிற் சிறந்தது. அங்கே ஞாயிற்றின் ஒளியும் வெம்மையும் விருந்தினர்போல வரவேற்கத் தக்கவை. அதே கண்ணாடிச் சுவரைத் தக்காணத்து வெயிலில் எழுப்புவோர், வெயிலை உள்ளே அழைத்து, பின்பு அதனை வெளியே துரத்தப் பொருள் செலவிடுகின்றனர். பண்டைத் தமிழகத்துச் சிற்பநூற் புலவர், கோல் நட்டு அதன் நிழலைக் கொண்டு திசை குறித்த பின்னரே அரண்மனைக்கு நிலம் வகுத்தனர் என்பது நெடுநல்வாடையாற் புலனாகும். ஞாயிறு செல்லும் நெறியை அறிந்து மனை வகுத்தல் புதிய கலையன்று; இடைக்காலத்தே மறக்கப்பட்ட கலை.

அக்கலையை மீண்டும் கைக்கொண்ட நிறுவனங்களுள் ஒன்று இன்போசிஸ். 1981-ஆம் ஆண்டிற் புனேயிற் தொடங்கப்பெற்று, பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் அது. 2008-ஆம் ஆண்டின் செலவை அடிப்படையாகக் கொண்டு, பணியாளர் ஒருவருக்கு ஆகும் மின்செலவைப் பாதியாகக் குறைத்தல் வேண்டுமென அது குறிக்கோள் வகுத்துக்கொண்டது. குறிக்கோள் வகுத்தல் எளிது. வழி யாது என்பதே வினா. புதியதொரு குளிர்விக்கும் முறையைப் பொறியாளர் சிலர் பரிந்துரைத்தனர். இந்நாட்டு வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் அது பொருந்துமா என்ற ஐயமும் உடன் எழுந்தது. இத்தகைய வழக்கில் இரு திறத்தாரும் ஆண்டுக்கணக்கிற் சொற்போர் நிகழ்த்துதல் உலக வழக்கு. அந்நிறுவனம் வேறொரு வழியை மேற்கொண்டது. ஐதராபாத்தின் கிழக்கேயுள்ள போச்சாரம் என்னும் இடத்தில் 2011-ஆம் ஆண்டளவில் முடிவுற்ற ஒரு கட்டடத்தை இரு சம பாதிகளாக அமைத்து, ஒரு பாதியை வழக்கமான முறையாலும் மற்றொரு பாதியைப் புதிய முறையாலும் குளிர்விக்கச் செய்தது.

வழக்கமான முறையாவது காற்றைக் குளிர்வித்தல். பெரும்பொறியொன்று நீரை ஏறத்தாழ ஏழு பாகை வரை குளிரச் செய்யும். அந்நீர்க் குழாய்களின்மேற் காற்றைச் செலுத்திக் குளிரவைத்து, அக்காற்றைப் பெரிய விசிறிகளால் தகரக் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் தள்ளுவர். காற்று வெப்பத்தைச் சுமப்பதில் மிக மெலிந்த கூலியாளை ஒத்தது. ஒரே பருமனுள்ள நீரையும் காற்றையும் எடுத்துக்கொண்டால், காற்றைவிட நீர் 3,000 மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தைச் சுமக்க வல்லது. ஆகவே, சிறிதளவு வெப்பத்தை அகற்றவும் மிகுந்த காற்றை ஓட்டவேண்டியிருக்கின்றது. அதனை ஓட்டும் விசிறிகளுக்கோ மின்விசை மிகுதியாகச் செலவாகின்றது.

புதிய முறையில் நீரே சுமையாள். கூரைத் தளத்தின் காறைக்குள் மெல்லிய குழாய்களைப் பதித்து, அவற்றின் வழியே குளிர்ந்த நீரை ஓடவிடுவர். தளம் முழுவதும் மெல்லக் குளிர்கின்றது. குளிர்ந்த தளம் தனக்குக் கீழே இருப்பவருடைய உடலினின்று வெளிப்படும் வெப்பத்தைக் கதிர்வீச்சாகவே ஏற்றுக்கொள்ளுகின்றது. இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், தமிழ்நாட்டிற் பிறந்தோர் அனைவரும் உணர்ந்த செய்தியே. சித்திரை மாதத்து நண்பகலிற் கோயிலின் கல்மண்டபத்துள் நுழைந்தவர், காற்றுச் சிறிதும் வீசாதபோதும் உடல் குளிர்வதை உணர்வர். சுற்றிலுமுள்ள கல் உடலின் வெம்மையை வாங்கிக்கொள்ளுவதே காரணம். இதற்கு மாறான நிலையையும் அறிவோம். பகலெல்லாம் வெயிலிற் காய்ந்த மொட்டைமாடியின் கீழ் இரவிற் படுத்திருப்பவர், விசிறி சுழன்றும் புழுங்குவர். அங்கே தளம் வெப்பத்தை உமிழ்கின்றது.

தளத்தைக் குளிர்விக்க ஏழு பாகை நீர் வேண்டா. பதினைந்து பாகையை ஒட்டிய நீரே போதும். நீரை அவ்வளவு கடுமையாகக் குளிர்விக்கத் தேவையில்லாமையால், குளிர்விக்கும் பொறியின் உழைப்பும் குறைகின்றது. பெரிய விசிறிகளும் வேண்டா. மூச்சுக்கு வேண்டிய தூய காற்றை மட்டும் தனியே செலுத்தினாற் போதுமானது.

ஐயுற்றோர் கூற்றிலும் பொருள் இருந்தது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர்த்துளிகள் அரும்புவதைப் போல, குளிர்ந்த தளத்திலும் காற்றின் ஈரம் துளியாகப் படியும். மழைக்காலத்திற் கூரையினின்று கணினியின் மேலும் எழுதுமேசையின் மேலும் நீர் சொட்டுமானால், அம்முறையால் யாது பயன்? இதற்கு மாற்றும் காணப்பட்டது. உள்ளே வரும் காற்றை முன்னரே உலர்த்தி அனுப்புதலும், தளத்தின் குளிர்ச்சி பனிபடியும் அளவுக்குக் கீழே செல்லாமற் காத்தலுமே அம்மாற்று. விருப்பம்போற் சன்னலைத் திறந்துவைக்கும் உரிமை அம்முறையில் இல்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

போச்சாரத்துச் சோதனையின் சிறப்பு இனிமேற் கூறுவதிலேயே உள்ளது. இரு பாதிகளும் ஒரே பரப்பின. ஒரே திசை நோக்கியவை. சுவர்களும் சன்னல்களும் வெப்பம் புகாதவாறு ஒரே வகையில் அமைக்கப்பட்டன. அமர்ந்து பணியாற்றுவோர் தொகையும் செய்யும் வேலையும் ஏறத்தாழ ஒத்திருந்தன. இதனினும் மேலாக, வழக்கமான முறையைக் கொண்ட பாதிக்குப் பழைய, பழுதுபட்ட பொறிகளை வைத்து அதனைத் தோற்கச் செய்யவில்லை. அவ்வகையிற் கிடைக்கக்கூடிய திறன் மிக்க பொறிகளையே வைத்தனர். மெலிந்த மல்லனை எதிரே நிறுத்தி வென்று மாலை சூடுவோர் உலகிற் பலர். அந்நெறி இங்கே பின்பற்றப்படவில்லை. ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி மின்னளவிகள் பொருத்தி, வேனிலும் மழையும் பனியும் இருமுறை வந்து செல்லும் வரை கணக்கெடுத்தனர்.

முடிவை 2014-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுக் குளிர்பதனப் பொறியாளர் கழகத்தின் இதழிற் குருப்பிரகாஷ் சாஸ்திரி, பீட்டர் ரம்சி ஆகிய இருவரும் வெளியிட்டனர். காற்றைக் குளிர்வித்த பாதியைவிடத் தளத்தைக் குளிர்வித்த பாதி, குளிர்ச்சிக்கென 34 விழுக்காடு குறைவான மின்விசையைச் செலவிட்டது. முன்னது 100 அலகு கொண்ட இடத்திற் பின்னது 66 அலகே கொண்டது. அமைப்பதற்கு ஆன பொருட்செலவோ இரண்டிற்கும் ஏறத்தாழச் சமமாக இருந்தது. உள்ளே பணியாற்றியோரை வினவியபொழுது, குளிர்ந்த தளத்தின் கீழ் இருந்தோரே மிகுதியாக மனநிறைவு கொண்டிருந்தனர். அதன் பின்னர் அந்நிறுவனம் வேறு ஊர்களில் எழுப்பிய கட்டடங்களிலும் இம்முறையைப் புகுத்திற்று. சொற்போரால் ஆண்டுக்கணக்கில் முடியாத வழக்கு, இரண்டு மின்னளவிகளால் இரண்டே ஆண்டில் முடிந்தது.

மற்றைச் சீர்திருத்தங்கள் இத்துணை வியப்புடையன அல்ல. கட்டடங்களின் நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்கும் நோக்க வைத்தனர். சன்னல்களைச் சுருக்கி, அவற்றின் மேல் வெயில்தடுப்புகள் அமைத்து, பகலொளி மட்டும் உட்பரவச் செய்தனர். பழைய கட்டடங்களில் வேண்டியதினும் பெரியனவாக இருந்த பொறிகளை மாற்றினர். கழிவுநீரைத் தூய்மை செய்து மரம் செடிகளுக்குப் பாய்ச்சினர். இவை யாவும் சிறு வேலைகள். எனினும், சிறு வேலைகளின் தொகையே பெருங்குறைவைத் தந்தது. 2008-இல் ஒருவருக்கு ஆன மின்செலவு, 2020-இற் பாதிக்கும் கீழே இறங்கிற்று.

இங்கே ஒரு கணக்கை நிறுத்தி நோக்குதல் வேண்டும். 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நிறுவனத்தின் பணியாளர் ஏறத்தாழ 91,000 பேர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அத்தொகை 2,42,000-ஐக் கடந்தது. ஒருவருடைய செலவு நூற்றுக்கு 55 குறைந்து 45 ஆயிற்று என்க. ஆட்கள் இரண்டரை மடங்குக்கு மேற் பெருகினர். இரண்டையும் பெருக்கினால், மொத்தச் செலவு 100-லிருந்து 120-ஐ ஒட்டி உயர்ந்தமை விளங்கும். ஒருவரளவிற் குறைவு, நிறுவன அளவில் உயர்வு. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாம். சிக்கனம் இல்லாதிருப்பின் செலவு 266 ஆகியிருக்கும் என்பதால், செய்தது சிறிதன்று. ஆயினும், வானத்திற் சேரும் கரிக்காற்று ஆள்வீதம் பார்த்துச் சேர்வதில்லை, மொத்தமாகவே சேர்கின்றது.

எஞ்சிய செலவுக்கு ஞாயிற்றின் ஒளியினின்று மின்விசை பெறும் நிலையங்கள் நிறுவப்பெற்றன. கட்டடக் கூரைகளிலும் போச்சாரத்து நிலத்திலும் அத்தகைய தகடுகள் பரப்பப்பட்டன. கருநாடகத்துச் சிராவில் ஒரு பெரிய நிலையம் எழுந்தது. அதன் பின்னும் எஞ்சியவை பேருந்து, வானூர்தி முதலியவற்றின் புகை. அதற்கு ஈடாக, நாட்டுப்புறத்து வீடுகளிற் சாண எரிவாயுக் கலங்களும், விறகு குறைவாக எரியும் அடுப்புகளும் அமைக்க நிறுவனம் பொருள் அளித்தது. அவ்வீடுகளிற் குறையும் புகையைத் தன் புகைக்குக் கழிவாகக் கணக்கிட்டு, 2020-ஆம் ஆண்டில் தன் கரிக்கணக்கு நேராயிற்று என்று அறிவித்தது. இம்முறை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடுப்பூதும் பெண்ணின் கண்ணெரிச்சல் தணிவது ஐயமற்ற நன்மை. ஆனால், ஒரு வீட்டில் எத்தனை விறகு மிச்சமாயிற்று என்பதை மின்னளவி காட்டுவதுபோல் எதுவும் காட்டாது, மதிப்பீட்டையே நம்பவேண்டும். போச்சாரத்துக் கணக்குக்கும் இக்கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அவ்வாண்டிலேயே கணக்கைக் குழப்பும் மற்றொன்றும் நிகழ்ந்தது. கொரோனா நோய் பரவியதால், 2020-ஆம் ஆண்டு மார்ச்சு முதற் பணியாளர் பெரும்பாலோர் தத்தம் வீட்டிலிருந்தே வேலை செய்தனர். மாளிகைகள் வெறுமையாயின, அவற்றின் மின்செலவு சரிந்தது. ஆனால், அதே கணினியும் விளக்கும் விசிறியும் பல்லாயிரம் வீடுகளில் இயங்கின. நிறுவனத்தின் மின்னளவியில் இறங்கியது வீட்டு மின்னளவியில் ஏறியது. வீட்டில் எரியும் விளக்கை யார் கணக்கில் எழுதுவது என்ற வினா அதன் பிறகே பலருக்குத் தோன்றியது.

அலுவலகங்களினும் மின்விசையை மிகுதியாக உண்பவை, கணினிகளையே ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்த தரவு மையங்கள். முன்னே மேகம் எனப்பட்டவை இவையே. 2024-ஆம் ஆண்டில் உலகில் செலவான மின்விசையில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காட்டை இவை உண்டன என்று பன்னாட்டு எரியாற்றல் முகமை மதிப்பிட்டுள்ளது. இங்கும் வெப்பத்தை அகற்றுதலே பெருந்தொல்லை. பின்லாந்து நாட்டு ஹமீனா நகரில், 2008-இல் மூடப்பட்ட காகித ஆலையொன்றைக் கூகுள் நிறுவனம் வாங்கி, 2011-இல் தரவு மையமாக்கியது. ஆலைக்கெனக் கடலினின்று குடைந்த பழைய சுரங்கவழி அங்கே இருந்தது. அதன் வழியே வரும் குளிர்ந்த கடல்நீர், குளிர்விக்கும் பொறியின் வேலையைத் தானே செய்துவிடுகின்றது. வெம்மையுற்ற நீரைப் புதிய கடல்நீரோடு கலந்து தணித்த பின்னரே மீண்டும் கடலில் விடுகின்றனர். பழையதை இடிக்காமற் பயன்கொண்டமைக்கு இது நல்ல சான்று. எனினும், எல்லா ஊர்களுக்கும் குளிர்கடல் வாய்ப்பதில்லை. கூகுள் நிறுவனத்தின் மொத்தக் கரிவெளியீடு 2019-ஐ நோக்க 2023-இல் 48 விழுக்காடு உயர்ந்திருந்ததை அந்நிறுவனத்தின் அறிக்கையே கூறுகின்றது. ஆள்வீதக் கணக்கிற் கண்ட உண்மை இங்கே இன்னும் பெரிதாகத் தோன்றுகின்றது.

குளிர்கடல் இல்லாத இடங்களிற் பெரும்பாலும் நீரை ஆவியாக்கியே வெப்பத்தை அகற்றுகின்றனர். மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்பொழுது உள்ளிருக்கும் நீர் குளிர்வதைப் போன்றதே இதுவும். மின்விசை மிச்சமாகும், ஆனால், ஆவியாய்ப் போன நீர் ஊருக்குத் திரும்பாது. அமெரிக்க நாட்டு ஓரிகன் மாநிலத்திற் கொலம்பியா ஆற்றங்கரையில் 'த டால்ஸ்' என்னும் சிற்றூர் உண்டு. கூகுள் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு முதல் அங்கே தரவு மையம் நடத்துகின்றது. பேராறு அருகே ஓடினும், அவ்வூரின் குடிநீர் மலைக்காட்டு ஓடைகளினின்றும் கிணறுகளினின்றும் வருவது. வறட்சி வந்தபொழுது, தரவு மையம் எவ்வளவு நீர் கொள்ளுகின்றது என்று மக்கள் வினவினர். அது வாணிக மறைபொருள் என்று நகராட்சி விடையிறுத்தது. 'ஓரிகோனியன்' என்னும் செய்தித்தாள் அக்கணக்கை முறைப்படி கேட்டது. தரவேண்டும் என்று ஆணை பிறந்தது. தராதிருக்கும்பொருட்டு 2021-ஆம் ஆண்டில் நகராட்சி நீதிமன்றம் ஏறிற்று. ஓராண்டுக்கு மேலும் வழக்கு நடந்தது.

2022-ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் வழக்குக் கைவிடப்பட்டு, கணக்கு வெளியாயிற்று. ஊரார் செலவிடும் நீரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தரவு மையங்களுக்கே சென்றது. ஐந்தாண்டில் அந்நீர்ச் செலவு மும்மடங்கை நெருங்கிப் பெருகியிருந்தது. அமெரிக்காவிலுள்ள தன் நிலையங்கள் ஒவ்வொன்றின் நீர்க்கணக்கையும் அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே அந்நிறுவனம் தானே வெளியிடத் தொடங்கியது.